பின் சீட்டில் நான் செய்த தவறு

1. முதல் நாள்

கார் சீட்டுக் கவர் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் கற்றுக்கொண்டது, பெல்ட்டை மறைப்பது எப்படி என்பதைத்தான்.

கடை திண்டிவனத்தில், செஞ்சி ரோட்டில் இருக்கிறது. முதலாளி ரஹீம் பாய், கோட்டக்குப்பத்துக்காரர். அதற்கு முன் நான் விழுப்புரத்தில் சோபாவுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் தெரியும், கார் தெரியாது. பாய் ஒரு காரின் பின்கதவைத் திறந்து, சீட்டு மடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த பக்கிள்களைக் காட்டினார். பெல்ட்டின் நாக்கு வந்து மாட்டிக்கொள்ளும், சிவப்புப் பொத்தான் வைத்த சின்னப் பெட்டிதான் பக்கிள்.

"ஏழுமல, இத்தையெல்லாம் உள்ள தள்ளிட்டு மேல கவர இழுத்து மாட்டு. கஸ்டமர் உக்காந்தா இடுப்புல குத்தக் கூடாது. சீட்டு மொழுமொழுன்னு இருக்கணும்."

"பெல்ட்டு போடணும்னா இன்னா பண்ணுவாங்க பாய்?"

"பின்னாடி உக்கார்றவன் எவன்யா பெல்ட்டு போட்றான்?"

அவர் சொன்னது உண்மைதான். எத்தனை கார்களில் பக்கிளைப் புதைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்து கேட்டவர் ஒருவரும் இல்லை. சீட்டு மொழுமொழுவென்று இருந்தால் வேலை சுத்தம் என்பார்கள். ஏழுமலை வேலை சுத்தம் என்று எனக்கும் பெயர் இருந்தது.

பிறகு வந்த கார்களில், முன் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை நிறுத்த, பக்கிளில் சொருகிவிடும் இரும்பு நாக்கு ஒன்று மார்க்கெட்டுக்கு வந்தது. நாங்கள் அதைக் கிளிப் என்போம். சாவிக்கொத்துகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விற்றோம். முழு செட் கவர் போட்டவர்களுக்கு இனாமாகவும் கொடுத்தோம்.

2. செக்கிங்

பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது வெகு நாளாகச் சட்டத்தில் இருக்கிறது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டிலோ குழந்தைகளுக்கான தனி சீட்டிலோ உட்கார வைக்காவிட்டால் ஓட்டுபவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது பின்னால் சேர்ந்தது. எங்கள் பக்கம் இரண்டையும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு சமயம் போலீஸ்காரர்கள் மேம்பாலத்துக்குக் கீழே நின்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் எங்கள் கடையில் புதுக் கவர் வேலை எதுவும் நடக்கவில்லை. பழைய வாடிக்கையாளர்கள்தான் வரிசையாக வந்தார்கள்.

"யோவ், பெல்ட்ட எங்கய்யா வெச்ச? போலீஸ்காரர் முன்னாடி கவருக்குள்ள கைய வுட்டுத் தேடிக்கினு நிக்கறேன். பேஜாராப் பூட்ச்சி."

நான் பிளேடை வைத்து, நானே தைத்த கவர்களில் ஓட்டை வெட்டி, பக்கிளை வெளியே எடுத்து, வெட்டிய விளிம்பை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேலை வருகிறது என்று மட்டும்தான் தோன்றியது.

அப்படி வந்த வண்டிகளில் ஒன்று பெருமாளுடையது. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடவே அவருடைய மருமகள் ரேவதியும், இரண்டு வயதுப் பேத்தி யாழினியும் வந்திருந்தார்கள். ரேவதி பக்கத்துக் கிராமம் ஒன்றில் வி.ஏ.ஓ. கணவர் ராணுவத்தில் இருந்ததால் வீட்டில் வண்டி ஓட்டுவது மாமனார்தான்.

பெருமாள் இறங்கும்போதே சத்தமாகத்தான் இறங்கினார். "முப்பது வருசம் பஸ் ஓட்னேன். ஒரு கீறல் கிடையாது. இன்னிக்கி எம் பேத்தி அவ அம்மா மடியில உக்காந்துக்கினு வந்ததுக்கு ஃபைன் போட்றானுங்க. பெத்தவ மடிய வுட பத்திரமான எடம் எங்கய்யா இருக்குது?"

"மாமா, ஃபைனுக்காக மட்டும் இல்ல," என்றார் ரேவதி. அதற்கு மேல் அவர் வாதம் செய்யவில்லை. டிக்கியைத் திறந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் காட்டினார். மஸ்கட்டில் வேலை செய்யும் அவருடைய தம்பி அனுப்பிய பேபி சீட். வந்து ஒரு மாதமாகிறது, மாட்டத் தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

"அண்ணா, நீங்க இதுக்கு முன்னாடி இத மாட்டியிருக்கீங்களா?"

"மாட்டியிருக்கேம்மா," என்றேன்.

பொய். அதுவரை ஒரு பேபி சீட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. இத்தனை வருடம் கார் சீட்டிலேயே கிடந்தவனுக்கு ஒரு சின்ன நாற்காலியைக் கட்டத் தெரியாதா என்ற நினைப்பு. தெரியாது என்று சொன்னால் பாண்டிச்சேரிக்குப் போய்விடுவார்களோ என்றும் ஒரு எண்ணம்.

3. இரண்டு வழி

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் இருந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. சீட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதில் இரண்டு படங்கள். ஒன்றில் நீலக் கோடு, இன்னொன்றில் சிவப்புக் கோடு. காரின் பெல்ட் அந்தச் சீட்டுக்குள் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைக் காட்டும் கோடுகள் அவை. சீட்டிலும் அதேபோல இரண்டு இடத்தில் நிறம் பூசியிருந்தது. நீலம் அடியில், குழந்தையின் தொடைக்குக் கீழே. சிவப்பு மேலே, குழந்தையின் முதுகுக்குப் பின்னால்.

நீல வழியில் பெல்ட் சுலபமாகப் போனது. சிவப்பு வழியில் விட வேண்டுமென்றால் சீட்டின் மெத்தையைக் கழற்றி, குறுகலான இடத்தில் கையை நுழைத்து, பெல்ட்டை மறுபக்கம் இழுக்க வேண்டும். வெளியே மூன்று கார்கள் நின்றிருந்தன.

"ஜல்தி முடி ஏழுமல," என்று பாய் குரல் கொடுத்தார்.

நான் நீல வழியில் பெல்ட்டை விட்டு, பக்கிளில் மாட்டி, முழங்காலை வைத்து அழுத்தி இறுக்கினேன். அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.

ரேவதி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நானும் கத்துக்கறேண்ணா. தொவைக்கணும்னா நான்தான கழட்டி மாட்டணும்," என்றார். பிறகு, "இங்க செவப்புல ஒரு வழி இருக்குதே?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அவர் தலையாட்டினார். யாழினியைத் தூக்கி உட்கார வைத்து வாரை மாட்டினோம். குழந்தை காலை ஆட்டிக்கொண்டு சிரித்தது. பெருமாள் மட்டும், "கூண்டுல போட்டா மாதிரி இருக்குது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

4. மல்லாட்டை டிராக்டர்

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு அமாவாசை அன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். கூட்டம் சேருவதற்கு முன் சாமி கும்பிட்டுவிட்டு மதியமே திரும்பிவிட்டார்கள். செஞ்சி தாண்டி வரும்போது முன்னால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒரு மாடு குறுக்கே வர, டிராக்டர்காரர் சட்டென்று நிறுத்திவிட்டார். பெருமாள் பிரேக்கை முழுதாக அழுத்தியும் கார் போய் டிரெய்லரின் பின்னால் இடித்தது. பெரிய வேகம் இல்லை. பானெட் மடங்கியது, ரேடியேட்டர் உடைந்தது.

பெருமாள் பெல்ட் போட்டிருந்தார். நெஞ்சில் ஒரு சிவந்த கோடு, அவ்வளவுதான். பின் சீட்டில் ரேவதியும் போட்டிருந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. அடிபட்டது பேபி சீட்டில் இருந்த யாழினிக்கு மட்டும். இடித்த வேகத்தில் அந்தச் சீட்டு அப்படியே முன்பக்கம் கவிழ்ந்து, குழந்தையின் கால் முன் சீட்டின் முதுகில் மோதி, தொடை எலும்பு முறிந்துவிட்டது.

5. கவரைக் கழற்றிய நாள்

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பாடி ஷாப். இடிபட்ட வண்டிகளில் வெல்டிங் செய்வதற்கு முன் கவர்களைக் கழற்ற என்னைக் கூப்பிடுவது வழக்கம். அன்றும் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பெருமாளின் கார்.

முன்பக்கத்தைப் பார்த்ததும், யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நினைத்தேன். பாடி ஷாப் மேஸ்திரிதான் சொன்னார்: "பெரியவங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. அந்தப் புள்ள சீட்ல இருந்திச்சாமே, அதுக்குத்தான் கால் ஒடஞ்சிப் போச்சாம். விழுப்புரத்துல சேத்திருக்காங்க."

பின்கதவைத் திறந்தேன். பேபி சீட் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. முன்பக்கம் சரிந்து, முன் சீட்டின் முதுகில் தலை வைத்துப் படுத்தமாதிரி. அடியில் பெல்ட் இறுக்கமாக இருந்தது. நான் சீட்டின் மேல்விளிம்பை ஒரு விரலால் தள்ளினேன். பின்னால் போனது. விட்டேன். மறுபடி முன்னால் வந்து விழுந்தது.

ஸ்டிக்கரை அப்போதுதான் நின்று பார்த்தேன். நீலக் கோட்டுப் படத்தில் கைக்குழந்தை, முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. சிவப்புக் கோட்டுப் படத்தில் பெரிய குழந்தை, முகம் முன்பக்கம். ஒரே சீட்டை இரண்டு விதமாகத் திருப்பிப் போடலாம், அதற்குத்தான் இரண்டு வழி. நாங்கள் யாழினியை முன்பக்கம் பார்த்து உட்கார வைத்தோம், பெல்ட்டைக் கைக்குழந்தைக்கான வழியில் விட்டோம். அடியை மட்டும் பிடித்துக்கொண்டு, முதுகைப் பிடிக்க ஒன்றுமில்லாமல் விட்டிருந்தேன். படிக்க வேண்டிய அவசியமே இல்லை. படத்தைப் பார்த்திருந்தாலே போதும்.

கைவேலையை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் போய்ப் பாயிடம் சொன்னேன்.

பாய் எழுந்து போய்க் கடை வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "வேற யாருக்குனா தெரியுமா?" என்றார்.

"தெரியாது பாய்."

"அப்ப வாயத் தொறக்காத. அவங்க மாட்டும்போது லூசா வுட்டிருக்கலாம். ரோட்ல என்னா நடந்துதோ, எவன் கண்டான்? நாளைக்கு கேசுன்னு வந்தா கடைய மூடிட்டுப் போவேண்டியதுதான். ஒனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது, நெனச்சிப் பாரு."

பாய் கெட்டவர் இல்லை. என் பெரிய பெண்ணின் காலேஜ் அட்மிஷனுக்கு அவரே வந்து நின்றவர். அவர் சொன்னதில் பயம்தான் இருந்தது. எனக்கும் அதே பயம். நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த நான்கு நாளும் கவர் தைத்தேன், சாப்பிட்டேன், வீட்டுக்குப் போனேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை என்று இருந்தது.

ஐந்தாவது நாள் மேஸ்திரி டீக்கடையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அந்தப் பெரியவரு வந்திருந்தாருப்பா. அந்த சீட்டத் தூக்கிக் குப்பையில போடுங்கடான்னுட்டாரு. புள்ளய மடியில வெச்சிக்கினு வந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது, மருமவ பேச்சக் கேட்டது எந் தப்புன்றாரு. வீட்ல எல்லாரும் அந்தப் பொண்ணத்தான் பேசறாங்களாம்."

அன்று மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

6. விழுப்புரம்

ஆஸ்பத்திரியில் யாழினி இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள். ரேவதி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணா," என்றார். பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

நான் உட்காரவில்லை. பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அம்மா, நான் பேபி சீட்டு மாட்டியிருக்கேன்னு சொன்னது பொய். அன்னிக்கிதான் மொத மொதல்ல மாட்னேன். பெல்ட்ட செவப்பு வழியில வுட்டிருக்கணும். நான் நீலத்துல வுட்டுட்டேன். அதனாலதான் சீட்டு கவுந்துச்சி. நீங்க கேட்டீங்க, நான்தான் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னேன்."

ரேவதி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமாம்மா. ஸ்டிக்கர்ல படம் இருக்குது."

"அண்ணா, கோயிலுக்குப் போறதுக்கு மொத நாள் யாழினி அதுல வாந்தி எடுத்துட்டா. கழட்டித் தொவச்சிட்டு நான்தான் திரும்ப மாட்னேன். நீங்க செஞ்ச மாதிரியே, அதே வழியில. முட்டிய வெச்சி அழுத்தி." சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். "நான் ஏதோ ஒண்ண சரியா மாட்டாம வுட்டுட்டேன், எம் பொண்ணு கால நானே ஒடச்சிட்டேன்னு இத்தன நாளா நெனச்சிக்கினு இருக்கேன். மாமா கிட்ட கூட சொல்லல."

நான் வந்தது என் மனசில் இருந்ததை இறக்கி வைக்க. இந்த அம்மா இத்தனை நாளும் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தச் சீட்டைக் கடைசியாக மாட்டியது என் கை இல்லை. ஆனால் அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மாமா கேன்டீனுக்குப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. இதையே அவருகிட்டயும் சொல்றீங்களா?"

பெருமாள் பிளாஸ்கோடு வந்தார். நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒனக்கு இன்னாய்யா கேடு? நாங்க வேற எங்கனா போயிருப்போம் இல்ல? கொழந்தய்யா அது!"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் இன்னும் சில வார்த்தைகள் சொன்னார். அவை இங்கே வேண்டாம்.

திட்டி முடித்தபின் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"சரியா மாட்டியிருந்தா?"

"கவுந்திருக்காதுங்க. சீட்டு அப்டியே நின்னிருக்கும்."

"மடியில இருந்திருந்தா?"

அதற்குப் பதிலை அவரே சொன்னார்.

"பஸ்ஸுல சடன் பிரேக் போட்டா, நின்னுக்கினு இருக்கறவன் கண்ணாடி வரைக்கும் வந்து வுழுவான். நான் பாத்திருக்கேன். அறுவது கிலோ ஆளு. கம்பியப் புடிச்சிக்கினு இருந்தவன். இதுவோ ஒரு சின்ன உசுரு. கையில எப்டிப் புடிச்சி நிறுத்தறது?" மருமகள் பக்கம் அவர் திரும்பவில்லை. குழந்தையின் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "உன்ன ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. இது தெரியாம பேசிட்டேன்," என்றார்.

ரேவதி பிளாஸ்கை எடுத்துக் காபியை மூன்று டம்ளரில் ஊற்றினார். எனக்கும் ஒன்று கொடுத்தார். அதன் சுவை எனக்கு ஞாபகம் இல்லை. சூடு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

7. பிறகு

கேஸ் வரவில்லை. வந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் போய்ச் சொல்லிவிட்டது பாய்க்குத் தெரிந்து, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள், "தையல் நூலு தீந்து போச்சி, வாங்கினு வா," என்றார். அதோடு பழையபடி ஆனோம்.

இடிபட்ட வண்டியில் இருந்த பேபி சீட்டை மறுபடி உபயோகிக்கக் கூடாது. வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கும். அதையும் டிக்கியில் கிடந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தில்தான் போட்டிருந்தார்கள். என் சின்னப் பெண்ணை உட்கார வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். குழந்தையைச் சீக்கிரம் முன்பக்கம் திருப்பக் கூடாது, ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் பின்பக்கம் பார்க்கும் பேபி சீட்டை வைக்கவே கூடாது என்பதெல்லாம் அன்று தெரிந்துகொண்டதுதான்.

மாவுக்கட்டுப் பிரித்துக் குழந்தை நடக்க ஆரம்பித்தபிறகு அவர்கள் புதுச் சீட்டோடு வந்தார்கள். எங்கள் கடைக்கேதான். பெருமாள்தான் ஓட்டிவந்தார். நான் மெத்தையைக் கழற்றி, சிவப்பு வழியில் பெல்ட்டை விட்டு இறுக்கினேன். மேல்விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்துக் காட்டினேன். அசையவில்லை. பெருமாள், "தள்ளு," என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

பிறகு நான் எல்லாவற்றையும் கழற்றி, சீட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன்.

"ஏண்ணா?" என்றார் ரேவதி.

"இப்ப நீங்க மாட்டுங்கம்மா. நான் பாக்கறேன்."

அவருக்கு இருபது நிமிடம் ஆனது. முதல் தடவை பெல்ட் முறுக்கிக்கொண்டது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. நான் தொடவில்லை. யாழினி உட்காரமாட்டேன் என்று அழுதாள். ரேவதி அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெல்ட்டை முதலில் மாட்டிக்கொண்டார். குழந்தை அழுது ஓய்ந்து, தானே ஏறிக்கொண்டது.

கிளிப்பை இப்போதும் வந்து கேட்கிறார்கள். நான் எடுத்துக் கொடுப்பதில்லை. பக்கிளைப் புதைத்துத் தரச் சொன்னாலும் செய்வதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செய்ததில்லை என்றால் செய்ததில்லை என்று சொல்லுங்கள். போனால் ஒரு கஸ்டமர் போவார். பேபி சீட்டை மாட்டினால் மேல்விளிம்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அடியை ஆட்டிப் பார்த்தால் போதாது. மாட்டி முடித்ததும் கழற்றிவிட்டு, குழந்தையின் அம்மாவையோ அப்பாவையோ மாட்டச் சொல்லுங்கள். வீட்டில் அதைத் துவைத்து மறுபடி மாட்டப் போவது அவர்கள்தான், அன்று நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம். வெளியே எத்தனை கார் நின்றாலும் சரி, அவர்கள் கை சரியாகச் செய்வதைப் பார்க்காமல் வண்டியை அனுப்பாதீர்கள்.